உலை ‘மாறுநிலையை எட்டியது’ என்றால் என்ன? முதல் சோதனை உலைகளில் இருக்கிறது பதில்

அணு உலை ஒன்று ‘மாறுநிலையை எட்டியது’ என்று செய்தி வந்தால் இரண்டு விதமான குழப்பம் எழுகிறது. உலை ஆபத்தான கட்டத்துக்குப் போய்விட்டது என்று சிலர் பதறுகிறார்கள். அடுத்த வாரமே மின்சாரம் வந்துவிடும் என்று வேறு சிலர் எதிர்பார்க்கிறார்கள். இரண்டும் தவறு. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையில், 2024 மார்ச்சில் உலை மையத்தை நிரப்பும் பணி தொடங்கியது. அதைப் பற்றிய செய்திகளைப் புரிந்துகொள்ளவும் இந்தச் சொல்லின் பொருள் தெரிந்தாக வேண்டும்.

அதற்கு நேரான வழி, 1942 முதல் 1961 வரை உலகம் கட்டிப் பார்த்த சோதனை உலைகளிடம் போவதுதான். மின்சாரத்துக்காக மட்டும் கட்டப்பட்டவை அல்ல அவை. பெரும்பாலும் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ளவே ஒவ்வொன்றும் கட்டப்பட்டது. சில உலைகள் யாரும் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லின.

நியூட்ரான் கணக்கு

1938 டிசம்பரில் ஜெர்மனியில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும், நியூட்ரான் மோதிய யுரேனியத்திலிருந்து பேரியம் கிடைப்பதைக் கண்டார்கள். அணுக்கரு இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று அதற்கு விளக்கம் கொடுத்தவர்கள் லிசே மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷும். ஒவ்வொரு பிளவிலும் சராசரியாக இரண்டரை நியூட்ரான்கள் வெளிவருகின்றன என்பது அடுத்த சில மாதங்களில் தெளிவானது. அந்த நியூட்ரான்கள் வேறு அணுக்களைப் பிளந்தால் தொடர்வினை நடக்கும். நடக்குமா, நடக்காதா என்பதைத் தீர்மானிப்பது ஒரு கணக்கு.

பிறக்கும் ஒரு நியூட்ரானுக்கு மூன்று கதிகளில் ஒன்று நேரும்:

1. யுரேனியம்-235 அணுவைப் பிளந்து புதிய நியூட்ரான்களைத் தரும். இயற்கை யுரேனியத்தில் இந்த ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகை) 0.7 விழுக்காடுதான்.
2. யுரேனியம்-238 அல்லது வேறு ஏதாவது பொருள் அதை உறிஞ்சிக்கொள்ளும், பிளவு நடக்காது.
3. உலையின் எல்லையைத் தாண்டி வெளியே தப்பிவிடும்.

ஒரு தலைமுறையில் 100 பிளவுகள் நடந்து, அவற்றின் நியூட்ரான்கள் அடுத்த தலைமுறையில் 98 பிளவுகளை மட்டுமே உண்டாக்கினால், பெருக்கக் காரணி 0.98. வினை தேய்ந்து அணையும். அது 1.00 ஆக இருந்தால் வினை ஒரே அளவில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த நிலைக்குத்தான் மாறுநிலை என்று பெயர். வரவும் செலவும் சரியாக இருக்கும் குடும்பத்தைப் போன்றது இது. மாதம் பத்தாயிரம் சம்பாதிக்கும் வீட்டிலும் பத்து லட்சம் சம்பாதிக்கும் வீட்டிலும் கணக்கு நேராகலாம். அதுபோல உலை மாறுநிலையில் இருக்கிறது என்பதிலிருந்து அது எவ்வளவு ஆற்றல் தருகிறது என்று சொல்ல முடியாது. அரை வாட்டிலும் மாறுநிலை உண்டு, ஆயிரம் மெகாவாட்டிலும் உண்டு. மின்சாரம் தந்துகொண்டிருக்கும் ஒவ்வோர் அணு உலையும் இந்த நிமிடம் மாறுநிலையில்தான் இருக்கிறது.

கிராஃபைட்டா, கனநீரா?

பிளவில் பிறக்கும் நியூட்ரான்கள் மிக வேகமானவை. யுரேனியம்-235 மெதுவான நியூட்ரான்களையே எளிதில் பிடிக்கும். ஆகவே நியூட்ரான்களை உறிஞ்சாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் ஒரு பொருள் வேண்டும். அதற்குத் தணிப்பான் என்று பெயர். செறிவூட்டாத, அதாவது யுரேனியம்-235-இன் பங்கைக் கூட்டாத, இயற்கை யுரேனியத்துக்குச் சாதாரண நீர் பயன்படாது, ஏனெனில் அதுவே நியூட்ரான்களை விழுங்குகிறது. அன்றைக்குக் கைக்கு எட்டியவை இரண்டு: கனநீர் (ஹைட்ரஜனின் கனமான வகையைக் கொண்ட நீர்), கிராஃபைட் (பென்சில் முனையில் இருக்கும் கரி வகை).

இங்கே ஓர் அசுத்தம் வரலாற்றையே திருப்பியது. கடையில் கிடைக்கும் கிராஃபைட்டில் சிறிதளவு போரான் கலந்திருக்கும். போரான் நியூட்ரான்களைப் பேராசையோடு உறிஞ்சும் தனிமம். அமெரிக்காவில் இயற்பியலாளர் லியோ சிலார்டு இதை முன்பே உணர்ந்து, போரான் நீக்கிய கிராஃபைட்டைத் தயாரிக்கும்படி உற்பத்தியாளர்களை விடாமல் நெருக்கினார். ஜெர்மனியில் இயற்பியலாளர் வால்டர் போட்டே 1941-இல் செய்த அளவீடு, கிராஃபைட் உதவாது என்ற முடிவைத் தந்தது. ஜெர்மானியர்கள் கனநீரை நம்பினார்கள். அதற்கு நார்வேயின் வெமோர்க் ஆலையைச் சார்ந்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆலை 1943 பிப்ரவரியில் நாசவேலைக்கு உள்ளானது. 1944 பிப்ரவரியில் கனநீரை ஏற்றிச் சென்ற படகும் மூழ்கடிக்கப்பட்டது.

போர் முடியும் தறுவாயில், 1945-இன் தொடக்கத்தில், ஹைகர்லோக் ஊரில் பாறைக்கு உள்ளே அமைந்த ஒரு நிலவறையில் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் குழு தன் கடைசிச் சோதனையை நடத்தியது. 664 யுரேனியக் கனசதுரங்களைச் சங்கிலிகளில் கோத்து, கனநீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டார்கள். நியூட்ரான்கள் பெருகின, ஆனால் மாறுநிலை வரவில்லை. யுரேனியமும் கனநீரும் போதவில்லை, அமைப்பு சிறியது. சிறிய அமைப்பில் நியூட்ரான்கள் தப்புவது அதிகம். மேலே சொன்ன மூன்றாவது கதி அங்கே வென்றது.

சிகாகோ, 1942 டிசம்பர் 2

அமெரிக்காவில், இத்தாலியிலிருந்து வந்த இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் குழு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சிறு சிறு அடுக்குகளைக் கட்டி அளந்து, 1942-இல் சிகாகோவுக்கு இடம்பெயர்ந்தது. உலையை நகருக்கு வெளியே ஆர்கான் காட்டுப் பகுதியில் கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். தொழிலாளர் பிரச்சினையால் அங்கே கட்டட வேலை தாமதமானது. பல்கலைக்கழக ஸ்டாக் மைதானத்தின் பார்வையாளர் மேடைக்குக் கீழே இருந்த சுவர்ப்பந்து (ராக்கெட்ஸ்) ஆட்டக் கூடத்திலேயே கட்டிவிடலாம் என்றார் ஃபெர்மி. திட்டத் தலைவர் ஆர்தர் காம்ப்டன் சம்மதித்தார். பல்கலைக்கழகத் தலைவரிடம் அவர் இதைச் சொல்லவில்லை. மக்கள் நெருக்கமாக வாழும் மாநகரத்தின் நடுவே உலகின் முதல் அணு உலை எழுந்தபோது, அந்த நகரத்தில் யாரிடமும் அனுமதி கேட்கப்படவில்லை. இந்த நாளைச் சாதனைக் கதையாகச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுகிறார்கள். கடக்கக் கூடாத பகுதி அது.

நவம்பர் 16-ஆம் தேதி அடுக்கத் தொடங்கினார்கள். சுமார் 45,000 கிராஃபைட் கட்டைகள். அவற்றில் குடையப்பட்ட துளைகளில் யுரேனிய ஆக்சைடு உருண்டைகளும், கிடைத்த அளவுக்கு யுரேனிய உலோகமும். கட்டைகளை அறுத்துத் துளையிட்டவர்களின் முகமும் கைகளும் கரித்தூளால் கறுத்தன, கூடத்தின் தரை வழுக்கியது. உயர் ரக யுரேனியமும் கிராஃபைட்டும் வந்து சேர்ந்ததால், முதலில் திட்டமிட்டதைவிடக் குறைவாக, 57 அடுக்குகளிலேயே போதிய அளவு வந்துவிட்டது. கதிர்வீச்சுத் தடுப்புச் சுவர் இல்லை; குளிர்விக்கும் ஏற்பாடும் இல்லை. கட்டுப்பாட்டுக் கோல்கள் என்பவை காட்மியம் தகடு அடித்த மரச்சட்டங்கள். காட்மியமும் போரானைப் போல நியூட்ரான்களை விழுங்கும். கோல் உள்ளே இருந்தால் வினை அடங்கும், வெளியே இழுத்தால் எழும்.

டிசம்பர் 2-ஆம் தேதி காலை, ஜார்ஜ் வெயில் என்ற இளம் இயற்பியலாளர் ஃபெர்மியின் சொற்படி கடைசிக் கோலைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்தார். மேல்மாடத்தில் நார்மன் ஹில்பெரி கோடாரியோடு நின்றார். கயிறு கட்டித் தொங்கவிடப்பட்டிருந்த அவசரக் கோல் ஒன்றை, தேவைப்பட்டால் கயிற்றை வெட்டி உள்ளே விழச் செய்வது அவர் வேலை. வேறு மூவர் காட்மியம் கரைசலுடன் உலையின் மேலே காத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை கோல் நகர்ந்தபோதும் கருவிகளின் டிக்டிக் ஒலி விரைந்து, பிறகு ஒரு மட்டத்தில் நின்றது. எந்த மட்டத்தில் நிற்கும் என்பதை ஃபெர்மி தம் கணக்கு அளவுகோலில் முன்கூட்டியே பார்த்துவைத்திருந்தார். முற்பகலில் தானியங்கிப் பாதுகாப்புக் கோல் திடீரென உள்ளே விழுந்தது. அதன் வரம்பைத் தேவைக்கு மேல் தாழ்த்தி வைத்திருந்தார்கள். ஃபெர்மி எல்லோரையும் மதிய உணவுக்கு அனுப்பினார்.

மாலை 3:25 மணிக்கு, இன்னும் ஓரடி இழுக்கச் சொன்னார். இந்த முறை ஒலி மட்டத்தில் நிற்கவில்லை. வரைகருவியின் கோடு ஏறிக்கொண்டே போனது. பெருக்கக் காரணி 1.0006. உற்பத்தியான ஆற்றல் சுமார் அரை வாட். ஒரு சிறு விளக்கைக்கூட அதனால் எரியவைக்க முடியாது. ஆனாலும் அணு உலை வரலாற்றில் இதைவிடப் பெரிய நாள் இல்லை என்பதே என் கருத்து. பின்னால் வந்த எல்லா உலைகளும், இங்கே ‘நடக்கும்’ என்று உறுதியான ஒன்றைத்தான் பெரிதாக்கின.

ஏன் வெடிக்கவில்லை?

பெருக்கக் காரணி ஒன்றைத் தாண்டிய பிறகும் அந்தக் கூடத்தில் எல்லோரும் அமைதியாக நிற்க முடிந்தது. அதற்குக் காரணம் ஃபெர்மியின் நிதானம் மட்டும் அல்ல. இயற்கை தந்த ஒரு சலுகை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

பிளவு நடந்த கணமே வெளிவருபவை உடனடி நியூட்ரான்கள். கிராஃபைட் உலையில் அப்படிப் பிறந்த நியூட்ரான் அடுத்த பிளவை உண்டாக்க ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடி போதும். எல்லா நியூட்ரான்களும் இந்த வகையாக இருந்தால் என்ன ஆகும்?

1. பெருக்கக் காரணி 1.001 என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு தலைமுறைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதல்.
2. ஒரு விநாடிக்கு ஆயிரம் தலைமுறைகள். ஆகவே முக்கால் விநாடிக்குள் ஆற்றல் இரட்டிப்பாகும்.
3. பத்து விநாடிகளில் அது 20,000 மடங்கைத் தாண்டும். கோலை நகர்த்தி எந்த மனிதராலும் இதைப் பிடித்து நிறுத்த முடியாது.

நடப்பது வேறு. யுரேனியம்-235 பிளவில் வரும் நியூட்ரான்களில் சுமார் 0.65 விழுக்காடு உடனே வருவதில்லை. பிளவுத் துண்டுகளில் சில, கதிரியக்கச் சிதைவுக்கு ஆளான பின்னரே நியூட்ரானை விடுகின்றன. விநாடியின் ஒரு பகுதி முதல் ஒரு நிமிடத்துக்கு மேல்கூட அதற்குத் தாமதமாகலாம். 1939-இலேயே கண்டறியப்பட்டுவிட்ட இவற்றுக்குத் தாமத நியூட்ரான்கள் என்று பெயர்.

இருநூறில் ஒன்றோ இரண்டோதான் இந்த வகை. அதுவே போதும். காரணி 1.001 ஆக இருக்கும்போது உடனடி நியூட்ரான்களால் மட்டும் வினை தொடர முடியாது. தாமத நியூட்ரான்களுக்காகக் காத்திருந்தே அது வளர வேண்டும். முக்கால் விநாடியில் நேர வேண்டிய இரட்டிப்பு முக்கால் நிமிட அளவுக்கு நீள்கிறது. மனிதக் கைக்கும் இயந்திரத்துக்கும் அது தாராளமான நேரம். சிகாகோவில் எட்டிய 1.0006, இந்த 0.65 விழுக்காட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை.

அந்த வரம்பைக் கடந்தால் உடனடி நியூட்ரான்கள் மட்டுமே வினையை ஓட்டிச் செல்லும். ஆபத்து என்று சொல்லத் தக்கது இந்த ‘உடனடி மாறுநிலை’தான். செய்தியில் வரும் மாறுநிலையும் இதுவும் ஒன்றல்ல.

ஹான்ஃபோர்டில் வந்த எதிர்பாராத பதில்

அடுத்த உலைகள் வேகமாக எழுந்தன. சிகாகோ உலையைப் பிரித்து ஆர்கானில் 1943-இல் மறுபடி கட்டினார்கள். ஓக் ரிட்ஜில் எக்ஸ்-10 என்ற காற்றால் குளிர்விக்கும் கிராஃபைட் உலை 1943 நவம்பர் 4 அன்று மாறுநிலையை எட்டியது. அணுகுண்டுக்கான புளூட்டோனியத்தைத் தயாரிக்கும் முறையைப் பழகிப் பார்க்கும் உலை அது. ஆரம்பகால உலைகளின் நோக்கம் ஆயுதம். இதை மறைத்து அவற்றின் அறிவியலை மட்டும் போற்றுவது நேர்மையாகாது. 1945 ஆகஸ்டில் நாகசாகியில் வீசப்பட்ட குண்டின் புளூட்டோனியம் ஹான்ஃபோர்டு உலைகளிலிருந்து வந்தது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் அந்த ஹான்ஃபோர்டின் முதல் பெரிய உலை, ‘பி’ உலை, 1944 செப்டம்பர் 26 இரவு இயங்கத் தொடங்கியது. ஆற்றல் ஏறியது. சில மணி நேரத்தில் யாரும் தொடாமலே இறங்க ஆரம்பித்து, மறுநாள் உலை தானாகவே அணைந்துவிட்டது. சில மணி நேரம் கழித்து மீண்டும் உயிர்பெற்றது, மீண்டும் இறங்கியது. நீர்க் கசிவா, கிராஃபைட்டில் கோளாறா என்று தேடினார்கள். இறங்குவதற்கும் எழுவதற்கும் ஆன நேரத்தைக் கொண்டு ஜான் வீலரும் ஃபெர்மியும் குற்றவாளியை அடையாளம் கண்டார்கள்: செனான்-135.

பிளவில் பிறக்கும் அயோடின்-135 சுமார் ஆறரை மணி நேர அரை ஆயுளில் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) செனானாகச் சிதைகிறது. இந்தச் செனான் யுரேனியம்-235-ஐவிட ஆயிரக்கணக்கான மடங்கு ஆவலாக நியூட்ரான்களை விழுங்கும். அதன் அரை ஆயுள் ஒன்பது மணி நேரம். சிகாகோ உலையில் இது தெரியவில்லை, ஏனெனில் அதன் ஆற்றல் மிகச் சிறியது. உலை பெரிதானபோதுதான் அது தன் நஞ்சைத் தானே உற்பத்தி செய்கிறது என்பது வெளிப்பட்டது.

உலையைக் காப்பாற்றியது அதைக் கட்டிய டூபாண்ட் நிறுவனப் பொறியாளர்களின் முன்னெச்சரிக்கை. இயற்பியலாளர்கள் 1,500 எரிபொருள் குழாய்கள் போதும் என்றார்கள். பொறியாளர்கள் அதை 2,004 ஆக்கி வைத்திருந்தார்கள். கூடுதல் குழாய்களிலும் யுரேனியத்தை நிரப்பியதும் செனானின் இழப்பு ஈடுகட்டப்பட்டது. கணக்கில் இல்லாத ஒன்றுக்கு இடம் விட்டு வடிவமைத்தவர்கள் சரியாகச் செய்திருக்கிறார்கள். 1986-இல் செர்னோபில் விபத்துக்கு முந்தைய மணி நேரங்களிலும் இதே செனான் உலையில் சேர்ந்திருந்தது. அதை ஈடுகட்டக் கோல்களை அளவுக்கு மீறி வெளியே இழுத்ததும் அந்த விபத்தின் காரணங்களில் ஒன்று.

பிற நாடுகளின் வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கனடாவின் ‘ஸீப்’ 1945 செப்டம்பரில், சோவியத் ஒன்றியத்தின் எஃப்-1 1946 டிசம்பர் 25-இல், பிரிட்டனின் ‘கிளீப்’ 1947-இல், பிரான்சின் ‘ஸோயே’ 1948 டிசம்பரில் இயங்கின. இந்தியாவில் டிராம்பேயில் அப்சரா 1956 ஆகஸ்ட் 4 அன்று மாறுநிலையை எட்டியது.

ஐடஹோ பாலைவனம்: உடைத்துப் பார்த்துக் கற்றது

போருக்குப் பிறகு அமெரிக்கா ஐடஹோ மாநிலத்தின் வறண்ட சமவெளியில் 1949-இல் ஓர் உலைச் சோதனை நிலையத்தைத் தொடங்கியது. பின்வந்த ஆண்டுகளில் அங்கே 50-க்கும் மேற்பட்ட உலைகள் கட்டப்பட்டன. மூன்றைப் பார்த்தால் போதும்.

முதலாவது இ.பி.ஆர்-1. வால்டர் ஸின் வழிநடத்தி உருவாக்கிய இந்த உலையில் தணிப்பான் கிடையாது; வேகமான நியூட்ரான்களே பிளவை நடத்தும். சோடியமும் பொட்டாசியமும் கலந்த திரவ உலோகம் வெப்பத்தை எடுத்துச் செல்லும். 1951 டிசம்பர் 20 அன்று நான்கு 200 வாட் பல்புகள் இதன் மின்சாரத்தில் எரிந்தன. படங்களில் நாம் பார்ப்பது இந்தப் பல்புகளைத்தான். உலையின் உண்மையான கேள்வி வேறு: எரியும் எரிபொருளுக்கு ஈடாகவோ கூடுதலாகவோ, யுரேனியம்-238-இலிருந்து புதிய புளூட்டோனியத்தை ஈன முடியுமா? முடியும் என்று 1953-இல் உறுதியானது. ‘ஈனுலை’ என்ற பெயருக்குப் பொருள் இதுதான்.

1955 நவம்பர் 29 அன்று இதே உலையில், குளிர்விப்பான் ஓட்டத்தை நிறுத்தி ஒரு சோதனை நடந்தது. ஆற்றல் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியபோது, உலையை இயக்கியவர் விரைவு நிறுத்தத்துக்குப் பதிலாக மெதுவாக நகரும் கோல்களை இயக்கினார். சில விநாடிகள்தான். மையத்தின் பாதி அளவு உருகிவிட்டது. யாருக்கும் காயமில்லை. சூடேறிய எரிபொருள் கோல்கள் உட்புறமாக வளைந்து ஒன்றையொன்று நெருங்கியதே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நெருங்கினால் நியூட்ரான்கள் தப்புவது குறையும், பெருக்கக் காரணி ஏறும். அடுத்த மையத்தில் கோல்கள் வளைய முடியாதபடி இறுக்கினார்கள். அந்தக் குணம் மறைந்தது. வடிவத்தில் ஒரு மில்லிமீட்டர் அசைவுகூட அதிவேக உலையில் பேசும் என்பதை அந்த விபத்து கற்பித்தது.

இரண்டாவது போராக்ஸ். நீர் கொதித்தால் நீராவிக் குமிழிகள் தணிப்பைக் குறைத்து வினையைத் தாமாகவே அடக்குமா என்பது கேள்வி. கோலை வேண்டுமென்றே வேகமாக வெளியேற்றித் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். உலை தானே அடங்கியது. 1954 ஜூலை 22 அன்று எல்லையைக் காண, உலையை வேண்டுமென்றே அழித்தார்கள். வெடிப்பு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்றாவது, எஸ்.எல்-1. தொலைதூர ராணுவ முகாம்களுக்காக வடிவமைக்கப்பட்ட சிறிய உலை. விடுமுறைக்காக நிறுத்தியிருந்த உலையை 1961 ஜனவரி 3 இரவு மறுபடி தயார்செய்துகொண்டிருந்தார்கள். நடுக் கோலை இயக்கியோடு இணைக்க அதைக் கையால் சுமார் 10 சென்டிமீட்டர் தூக்க வேண்டும். அது சுமார் 50 சென்டிமீட்டர் தூக்கப்பட்டது. உடனடி மாறுநிலையின் வரம்பு கடந்தது. 3 மெகாவாட்டுக்கு வடிவமைத்த உலை சில மில்லி விநாடிகளில் 20,000 மெகாவாட் அளவைத் தொட்டது. நீர் பொங்கி மேலே மோத, உலைக் கலமே சுமார் ஒன்பது அடி எழும்பியது. அங்கிருந்த மூவரும் இறந்தார்கள். கையைக் குறை சொல்வதைவிட, ஒரே ஒரு கோலைத் தூக்கினாலே மாறுநிலை வரும்படி அந்த உலையை வடிவமைத்ததைத்தான் குறை சொல்ல வேண்டும். எந்த ஒரு கோல் வெளியே சிக்கிக்கொண்டாலும் மற்றவை உலையை அணைத்தாக வேண்டும் என்ற விதி அதன் பிறகு வடிவமைப்பின் அடிப்படையாக வலுப்பெற்றது.

கல்பாக்கத்துக்கு இதில் என்ன பங்கு?

கல்பாக்கத்தின் ஈனுலைகள் இ.பி.ஆர்-1 வழி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவை: தணிப்பான் இல்லை, குளிர்விப்பது திரவ சோடியம். ஆகவே அவற்றைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது மூன்று விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

1. புளூட்டோனியம்-239 பிளவில் தாமத நியூட்ரான்கள் 0.2 விழுக்காடு அளவே. யுரேனியம்-235 தரும் வரம்பில் அது மூன்றில் ஒரு பங்கு. கோல்களின் நகர்வும் மையத்தின் வடிவமும் அதற்கேற்பக் கண்டிப்பாக இருக்க வேண்டும். முன்மாதிரி ஈனுலையில் ஒன்றையொன்று சாராத இரண்டு நிறுத்த ஏற்பாடுகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.
2. தணிப்பான் இல்லாததால் செனான் இங்கே பெரிய தொல்லை இல்லை. அந்த நஞ்சு மெதுவான நியூட்ரான்களையே விரும்பும். மாறாக, சோடியம் காற்றிலும் நீரிலும் தீவிரமாக வினைபுரியும் என்பதால், கவலை குழாய்களின் பக்கம் திரும்புகிறது.
3. முதல் மாறுநிலை மிகக் குறைந்த ஆற்றலில் நடக்கும். அதற்குப் பிறகு கோல்கள் ஒவ்வொன்றின் வலிமையையும், வெப்பம் ஏறும்போது பெருக்கக் காரணி எப்படி மாறுகிறது என்பதையும் அளந்து, படிப்படியாகத்தான் ஆற்றலைக் கூட்டுவார்கள்.

மூன்றாவதுக்கு எவ்வளவு காலம் பிடிக்கலாம் என்பதற்குக் கல்பாக்கத்திலேயே சான்று உண்டு. அங்கிருக்கும் அதிவேகச் சோதனை ஈனுலை 1985 அக்டோபர் 18 அன்று மாறுநிலையை எட்டியது. யுரேனியமும் புளூட்டோனியமும் கலந்த கார்பைடு எரிபொருளைக் கொண்ட சிறிய மையத்தோடு தொடங்கிய அந்த உலை, முதன்முதலாக 1997-இல் மின்கட்டமைப்போடு இணைக்கப்பட்டது. வடிவமைக்கப்பட்ட 40 மெகாவாட் வெப்ப ஆற்றலை 2022-இல் எட்டியது.